தலைக்கோடும் இரட்டைப் புள்ளியும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருத்தணி ம.பொ.சி. சாலையில் சொந்தமாக போர்டு கடை போட்டுவிட்டாய், வினைல் வெட்டும் மெஷினும் வாங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. நலம் விசாரித்த பிறகு நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. கார் கம்பெனி, அழகு சாமான் கம்பெனி, காபித்தூள் கம்பெனிப் பெயர்களில் ஆங்கில எழுத்தின் தலைமேல் சாய்ந்த கோடும் இரட்டைப் புள்ளியும் வருகின்றனவே, அவற்றை விட்டுவிடலாமா? வைத்தால் தமிழ் வரியில் அந்தப் பெயரை எப்படி எழுதுவது? நம் தொழிலில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. கோட்டை உதிர்த்துவிட்டு, வாய்க்கு வந்தபடி தமிழில் எழுதிப் போர்டை மாட்டிவிடுகிறார்கள். நீ நின்று கேட்டாய். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்; பொறுமையாகப் படி.

விடக் கூடாது. அந்தக் கோடும் புள்ளியும் அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குத் தரப்படும் குறிப்பு. ரோமன் எழுத்து 26தான். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் செக் நாட்டாருக்கும் அதற்குள் அடங்காத ஒலிகள் இருந்தன. புது எழுத்து உண்டாக்காமல், இருக்கிற எழுத்தின் தலையிலோ காலிலோ ஒரு குறி போட்டுச் சமாளித்தார்கள். நமக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. ‘க’வின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அது ‘க்’ ஆகிவிடுகிறது. எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும்கூடப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஓலையில் புள்ளி விடுபட்டுப் போய், கெடு எது, கேடு எது என்று இடம் பார்த்துப் படிக்கும் நிலை வந்தது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துக் காட்டினார். இன்று நீ எழுதும் ‘கே’யின் தலையில் இருக்கும் அந்தச் சுழி அப்படி வந்ததுதான். அதை விட்டுவிட்டு யாராவது ‘கேசவன்’ பெயரை எழுதினால் நீ சும்மா இருப்பாயா?

சட்டத்தையும் நினைவில் வை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. அதன் 1948ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்பது அதிகாரிகள் சொல்லும் அளவு. கம்பெனி உனக்கு அனுப்பும் லோகோ அந்த மூன்று பங்கு ஆங்கிலத்துக்கானது. ஐந்து பங்குத் தமிழை எழுதப்போவது நீ. பாரிசில் இருக்கும் முதலாளி தன் பெயரைத் திருத்தணியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க வரப்போவதில்லை. பேருந்திலிருந்து இறங்கிப் போர்டைக் கூட்டிப் படிக்கிற பள்ளிப்பிள்ளை, நீ எழுதியதைத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே எப்படிச் சொல்வது என்ற முடிவு உன் மேசைமேல்தான் நடக்கிறது.

நம் மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவள்ளூர் ஆலையில் தயாராகும் பிரெஞ்சுக் கார் 2021இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரைச் சிட்ரான், சிட்ரோன், சிட்ரியன் என்று பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ஆறாவது எழுத்தான ‘ஈ’யின் தலையில் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. கம்பெனியை 1919இல் தொடங்கிய ஆந்த்ரேயின் முன்னோர்கள் ஆம்ஸ்டர்டாமில் பழ வியாபாரம் செய்த யூதர்கள். எலுமிச்சையை வைத்தே அவர்களுக்குக் குடும்பப் பெயர் வந்தது. டச்சு மொழியில் அதைச் ‘சித்ரூன்’ என்பார்கள். அப்போது புள்ளி கிடையாது. வைர வியாபாரியான ஆந்த்ரேயின் தகப்பனார் 1873இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். ஆந்த்ரே பிறந்தது அங்கே, 1878இல். பிரெஞ்சு மண்ணில்தான் அந்தப் பெயரின் தலையில் இரண்டு புள்ளி ஏறியது. ‘ஓ’வையும் ‘எ’யையும் ஒட்டிப் படிக்காதே, தனித்தனியாகச் சொல் என்பது அதன் பொருள். சி, த்ரோ, என். மூன்று அசை.

இதைத் தமிழில் எழுதத் தடுமாற வேண்டியதில்லை. இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நாம் நடுவில் உடம்படுமெய் போடுவோம். ‘கோ’வும் ‘இல்’லும் சேர்ந்தால் கோயில் அல்லது கோவில். பிரெஞ்சுக்காரர் இரண்டு புள்ளியால் செய்கிற வேலையைத் தமிழ் ஒரு யகரத்தாலோ வகரத்தாலோ செய்துவிடுகிறது. நம் கிறித்தவக் குடும்பங்களில் நோயல் என்று பெயர் வைக்கிறார்களே, அதுவும் பிரெஞ்சில் இதே இரட்டைப் புள்ளியோடு எழுதப்படும் பெயர். யாரோ ஒருவர் காதால் கேட்டு யகரத்தைப் போட்டார், அது நிலைத்துவிட்டது. அந்த வழியிலேயே போ. சித்ரோயென் என்று எழுது. பிரெஞ்சுக்காரரின் ‘டீ’ எழுத்து நம் ‘த’வைப் போல் பல்லில் பட்டு ஒலிப்பது, அதனால் ‘த’ பொருத்தம். டீலர் ‘ட’தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ‘ட’ போட்டுக்கொடு. ‘யெ’யை மட்டும் விட்டுக்கொடுக்காதே. அது போனால் பெயரே போய்விடும்.

அடுத்தது லக்மே. பியூட்டி பார்லர் போர்டு எழுதுகிற எவனும் இந்தப் பெயரிலிருந்து தப்ப முடியாது. வெளிநாட்டுப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். 1952இல் டாட்டா குழுமம் தொடங்கிய இந்தியக் கம்பெனி அது. பெயர் வந்த வழிதான் பாரிஸ். லெயோ தெலிப் இசையமைத்த இசை நாடகம் ஒன்று 1883இல் பாரிசில் அரங்கேறியது. கதை நடப்பது இந்தியாவில். நீலகண்டன் என்ற பிராமணப் பூசாரியின் மகள்தான் நாயகி. அவள் பெயரும் நாடகத்தின் பெயரும் லக்மே. நம் லட்சுமியைத்தான் பிரெஞ்சு வாய் அப்படிச் சொன்னது. இங்கிருந்து போன லட்சுமி அங்கே தலையில் ஒரு கோட்டை வாங்கிக்கொண்டு எழுபது ஆண்டு கழித்து முகப்பவுடராகவும் உதட்டுச் சாயமாகவும் வீடு திரும்பினாள். அவள் பெயரை லேக்மி என்று எழுதியிருக்கும் போர்டைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கடைசி எழுத்தின் தலையில் இருக்கும் கோட்டைப் பார். இடமிருந்து வலமாக மேலே ஏறுகிறது. ஆங்கிலக் கணக்கில் சொல்லின் கடைசியில் வரும் ‘ஈ’ எழுத்து பெரும்பாலும் ஊமை. இங்கே ஊமை இல்லை, வாயைத் திறந்து ‘ஏ’ என்று முடி என்கிறது அந்தக் கோடு. பிரெஞ்சுக்காரர் அதை நம் ‘ஏ’ அளவுக்கு நீட்டமாட்டார். ஆனால் தமிழ்ச் சொல் எகரக் குறிலில் முடியும் வழக்கம் இல்லை. எனவே ஏகாரமே சரி. லக்மே, லாக்மே இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். கடைசியில் ‘மே’ இருக்க வேண்டும்.

இதே கோடுதான் நெஸ்லேயிலும். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் 1814இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்தபோது அவர் பெயர் ஹைன்ரிஷ் நெஸ்ட்லே. அவர் ஊர்ப்பக்கப் பேச்சில் அது குருவிக்கூட்டைக் குறிக்கும். அதனால்தான் அந்தக் கம்பெனியின் சின்னத்தில் இன்றும் தாய்க்குருவி கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் வெவே ஊரில் குடியேறியதும் பெயரைப் பிரெஞ்சு முறைக்கு மாற்றிக்கொண்டார். ஹைன்ரிஷ் ஆன்ரி ஆனது, தலையில் கோடு ஏறியது, நடுவில் இருந்த ‘டீ’ எழுத்து ஒலியிழந்தது. 1867இல் குழந்தைகளுக்கான மாவை விற்கத் தொடங்கியதெல்லாம் அந்தப் புதுப் பெயரில்தான். இங்கிலாந்தில் வெகுகாலம் கோட்டைக் கண்டுகொள்ளாமல் ‘நெசில்ஸ்’ என்றார்கள். நாம் அப்படிச் செய்யவில்லை. தமிழில் நெஸ்லே என்று சரியாகவே நிலைத்திருக்கிறது. அதை அப்படியே காப்பாற்று.

கபே என்ற சொல்லையும் எண்ணிப் பார். திருவல்லிக்கேணி ரத்னா கபேயைப் போல் பழைய ஓட்டல்களின் ஆங்கிலப் போர்டில் கோடு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்தில் கோடு பத்திரமாக இருக்கிறது, ஏகாரமாக. ஆங்கிலம் தொலைத்த குறியைத் தமிழ் போர்டு எழுதிய அந்தப் பெயர் தெரியாத பெயின்டர்கள் காத்துவைத்தார்கள். இந்தத் தொழிலில் நான் மதிக்கிற கை அவர்களுடையது. பழைய கடை ‘கபே’ என்றால் நீயும் ‘கபே’ என்றே எழுது. நெஸ்கஃபே மாதிரிப் பெயருக்கு ஆய்தம் சேர்த்தால் நல்லது.

கோடு எதிர்ப்பக்கம், அதாவது மேலிருந்து வலப்பக்கம் இறங்குவதுபோல் இருந்தால் வாய் இன்னும் அகலத் திறக்க வேண்டும். தமிழில் ‘எ’ போதும். ‘சி’ எழுத்தின் காலில் ஒரு வால் தொங்கினால் அது ‘ஸ’. சென்னையில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் பெயரில் அந்த வால் இருக்கிறது. வாலை வெட்டினால் ‘பிரான்கேஸ்’ என்று ஆகிவிடும்.

இரட்டைப் புள்ளியில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனி. பிரெஞ்சில் அது இரண்டு உயிரைப் பிரிக்கும். ஜெர்மனில் அதே இரண்டு புள்ளி உயிரின் ஒலியையே மாற்றிவிடும். ஜெர்மானியர்கள் அதற்கு ஒரு மாற்று விதியும் வைத்திருக்கிறார்கள்: புள்ளி வைக்க முடியாத இடத்தில் பக்கத்தில் ஒரு ‘ஈ’ எழுத்தைச் சேர்க்கலாம். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனின் ஆங்கிலப் பெயரில் ‘யூ’வுக்குப் பக்கத்தில் ‘ஈ’ நிற்பது அதனால்தான். புள்ளி இல்லாவிட்டாலும் ஒலி தொலையவில்லை. இந்த விதியைக் கொண்டுபோய்ப் பிரெஞ்சுக் காருக்குப் போட்டுவிடாதே. எந்த ஊர்ப் பெயர் என்று தெரிந்துகொண்ட பிறகு கையை வை.

எந்த வேலையும் செய்யாத புள்ளியும் உலகத்தில் உண்டு. ஹாகன்-டாஸ் என்ற ஐஸ்கிரீம் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பிறந்தது. ரூபன் மாட்டஸ், ரோஸ் மாட்டஸ் என்ற யூதத் தம்பதி டென்மார்க் பெயர்போல் ஒலிக்கட்டும் என்று உண்டாக்கிய சொல் அது. போர்க்காலத்தில் டென்மார்க் யூதர்களைக் காப்பாற்றிய நன்றிக்காக அந்த நாட்டை நினைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரில் ‘ஏ’ எழுத்தின் மேல் இருக்கும் இரட்டைப் புள்ளி டேனிஷ் எழுத்திலேயே கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன்னிடமும் யாராவது வருவார்கள். ‘மீனா’ என்றோ ‘தணிகை’ என்றோ கடைக்குப் பெயர் வைத்துவிட்டு, ஸ்டைலாக இருக்கும், மேலே ஒரு கோடு போடுங்கள் என்பார்கள். போடாதே. மாட்டஸ் தம்பதிக்கு ஒரு நன்றி இருந்தது. வெறும் மினுக்குக்காக வைக்கிற கோடு, உண்மையான கோட்டையும் மினுக்கு என்று ஊர் நினைக்கும்படி செய்துவிடும். பொறுமையாக எடுத்துச் சொல். கேட்காவிட்டால் அந்த வேலை வேறு கடைக்குப் போகட்டும்.

ஏற்கனவே ஊன்றிவிட்ட பெயர்களை என்ன செய்வது என்று நீ கேட்கலாம். லோரியல் 1909இல் வேதியியல் படித்த ஒரு பிரெஞ்சுக்காரர் தலைமுடிச் சாயத்தோடு தொடங்கியது. அவர்கள் நாட்டில் ‘லொரேயால்’ என்பதுபோல் ஒலிக்கும். ஆனால் தமிழ்த் தொலைக்காட்சியில் அந்தக் கம்பெனியே லோரியல் என்றுதான் சொல்லிவருகிறது. தன் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கம்பெனியே முடிவுசெய்துவிட்டால் நாம் திருத்தப் போகக் கூடாது. ஸ்கோடாவும் அப்படித்தான். முதல் எழுத்தின் தலையில் ஒரு கொக்கி இருக்கிறது, செக் மொழியில் அது ‘ஷ’. 2022இல் லோகோவைப் புதுப்பித்தபோதுகூட அந்தக் கொக்கியை விடாமல் எழுத்தோடு இணைத்தே வரைந்தார்கள். தமிழில் ஸ்கோடா என்று ஊர் முழுக்கப் பழகிவிட்டது. தமிழ் வரியில் அதை எழுது. ரோமன் வரியில் கொக்கியை வை. கோடே இல்லாத பிரெஞ்சுப் பெயர்கள் வேறு இருக்கின்றன, ரெனோ மாதிரி. அவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு மொழிக்காரன் பெயருக்கு இத்தனை மெனக்கெடுவானேன் என்று உன் பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். உன் ஊர்ப் பெயரையே அவருக்குச் சொல். திருத்தணியில் இருப்பது ‘ணி’. ஆங்கிலத்தில் எழுதினால் அது ‘ணி’யா ‘னி’யா என்று தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவந்தபோது, ரோமன் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்து ணகரத்தையும், கீழே ஒரு கோடு போட்டு ழகரத்தையும் னகரத்தையும் காட்டினார்கள். நெடிலுக்குத் தலையில் கோடு. ரயில்வே போர்டிலும் சாலைப் பலகையிலும் அதெல்லாம் கிடையாது. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணையை வெளியிட்டது. நோக்கம் நல்லது. குறி எதுவும் இல்லாமல் 26 எழுத்துக்குள் நம் நெடிலைக் காட்டப் பார்த்ததுதான் சிக்கல். வேலூரின் ‘வே’க்கு இரண்டு ‘ஈ’ போட்டார்கள். படித்தால் ‘வீலூர்’ என்று வந்தது. ஊரெல்லாம் பேச்சாகி, சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தலையில் ஒரு சின்னக் கோடு போதுமாயிருந்தது அந்த ‘வே’க்கு. நம் பெயருக்கு அந்தக் கோடு இல்லையே என்று ஏங்குகிற நாம், வைத்துக்கொண்டு வந்தவனுடையதைப் பிடுங்கலாமா?

இனி மேசை வேலை. வாட்ஸப்பில் வரும் மங்கலான படத்தைப் பார்த்து லோகோவை நீயாக டைப் அடிக்காதே. கோடு பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். டீலரிடம் வெக்டர் ஃபைல் கேள்; கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கும். டைப் செய்தே ஆக வேண்டும் என்றால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0233 அடி. சிறிய ‘ஈ’ எழுத்து ஏறுகோட்டோடு வரும். 0232 இறங்குகோடு. 0235 இரட்டைப் புள்ளி. பெரிய எழுத்துக்கு 0201, 0200, 0203. வால் வைத்த சிறிய ‘சி’க்கு 0231. கொக்கி வைத்த பெரிய ‘எஸ்’ 0138. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்.

அடிப்பதற்கு முன் ஃபான்ட்டைப் பார். யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் ஃபான்ட்கள் நம் கடைகளில் இன்னும் புழங்குகின்றன. அவை இந்தப் பிரெஞ்சு எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகளை அடைத்துவைத்தவை. அதைத் தேர்ந்தெடுத்தபடி 0233 அடித்தால் ஏதோ ஒரு தமிழ் எழுத்து வந்து நிற்கும். கோளாறு மெஷினில் என்று நினைத்துக் கோட்டையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கில ஃபான்ட்டுக்கு மாறிவிட்டு அடி.

வினைல் வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை உரிக்கிறாய் அல்லவா, அப்போது எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற சின்னத் துண்டுதான் முதலில் உரிந்து போகும். தமிழ்ப் புள்ளிக்கும் பிரெஞ்சுக் கோட்டுக்கும் இதில் ஒரே கதி. சின்ன அளவு போர்டு என்றால் அந்த இடத்தில் மெதுவாக உரி, டேப்பை நன்றாகத் தேய்த்து எடு. ஆக்ரிலிக் எழுத்தாக ஒட்டும்போது கோட்டுக்கும் புள்ளிக்கும் பசை தாராளமாக வை. மலையடிவாரத்து வெயிலில் ஓராண்டு நின்ற போர்டில் எழுத்தெல்லாம் இருக்கும், புள்ளி மட்டும் கீழே விழுந்திருக்கும். உத்தரவாதத்தில் அதையும் சேர்த்துக்கொள். விழுந்தால் காசு வாங்காமல் போய் ஒட்டிக்கொடு.

கடைசியாகத் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் உன்னுடையது. அதற்காகப் போராடியவர் பெயரில் இருக்கும் சாலையில்தான் உன் கடையே இருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் தெலுங்கு படிக்கிறவர்கள் நிறைய, மூன்றாவது வரி அவர்களுக்கானது. தமிழில் எழுதியதை அப்படியே மெஷினில் கொடுத்துத் தெலுங்காக்காதே. நம் ‘க’வும் ‘ட’வும் ‘ப’வும் இரண்டு மூன்று ஒலிக்குப் பொது. தெலுங்கில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து உண்டு. லக்மேயின் ககரம் வல்லோசை என்று மெஷினுக்குப் புரிந்தாலும் ‘கபே’யின் பகரத்தில் அது தடுக்கி விழும். எ, ஏ இரண்டும் தெலுங்கிலும் தனித்தனியாக இருப்பதால் தலைக்கோட்டின் வேலை அங்கேயும் தடையில்லாமல் நடக்கும். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வருகிற, தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் பெயரை வாயால் சொல்லிக் காட்டி எழுதி வாங்கு.

வெட்டுவதற்கு முன் மூன்று வரியையும் தாளில் அச்செடுத்து, அந்தப் பெயரை இதுவரை கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல். தமிழும் தெலுங்கும் ஒரே பெயராகக் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் திருத்து. ஆடிக்கிருத்திகை நெருங்குகிறது, பந்தல் போர்டு வேலை குவியும், அவசரப்படுத்துவார்கள். அந்த வாரத்திலும் இதை விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்